சூரியச் செயல்பாடும் நிலநடுக்கோட்டு அயனிமண்டலத்தின் பிளாஸ்மா ஒழுங்கின்மைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலி ஆர்வலர்கள், செயற்கைக்கோள் வழிகாட்டலைக் கொண்டு நில அளவை செய்வோர், இயற்பியல் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சூரியன் கொந்தளித்தால் அயனிமண்டலமும் கொந்தளிக்கும், சூரியன் அடங்கினால் அதுவும் அடங்கும் என்ற எண்ணம் இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருக்கிறது. பல மாதங்களின் சராசரியை எடுத்துக்கொண்டால் அது ஏறக்குறைய உண்மை. ஒரு குறிப்பிட்ட இரவைப் பற்றிச் சொல்வதற்கு அது போதாது. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே தரப்பட்டுள்ளன.

1. அயனிமண்டலம் தெரியும். அதில் ‘ஒழுங்கின்மை’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

தரையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. உயரத்துக்கு மேலே, சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால், வளியின் ஒரு சிறு பங்கு பிளாஸ்மாவாக இருக்கிறது. கீழிருந்து மேலாக டி, ஈ, எஃப் என மூன்று அடுக்குகள். இவற்றுள் எஃப் அடுக்கே மிக அடர்த்தியானது. அதன் உச்சம் 250 முதல் 400 கி.மீ. வரையிலான உயரத்தில் அமைகிறது. அங்கே ஒரு கன மீட்டருக்கு ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் வரை இருக்கும். சூரிய உச்ச ஆண்டுகளில் அதைத் தாண்டுவதும் உண்டு.

இந்த எலக்ட்ரான் அடர்த்தி இடத்துக்கு இடம் சீராக மாறாமல், திடீர்க் குழிகளும் மேடுகளுமாகச் சிதறிக் கிடப்பதையே ஒழுங்கின்மை என்கிறோம். அவற்றின் அளவு சென்டிமீட்டர்களில் தொடங்கி நூற்றுக்கணக்கான கி.மீ. வரை நீள்கிறது. பெரிய குழிகள் ‘பிளாஸ்மா குமிழிகள்’ எனப்படுகின்றன. அவற்றின் உள்ளே அடர்த்தி சுற்றுப்புறத்தைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு, சில நேரம் அதற்கும் மேலாகக் குறைந்திருக்கும். பெரு நாட்டின் உவான்காயோ நிலையத்தின் பதிவுகளில் இவற்றின் தடயத்தை ஆய்வாளர்கள் புக்கரும் வெல்ஸும் 1938இல் விவரித்தார்கள். வானொலி அலைகளை மேல்நோக்கி அனுப்பி எதிரொலியைப் பதியும் அயனோசோண்ட் கருவியில் எஃப் அடுக்கின் எதிரொலி கோடாக வராமல் பரவலாக வந்ததால், இந்த நிகழ்வுக்கு ‘ஸ்பிரெட் எஃப்’ என்ற பெயர் நிலைத்தது.

2. இது ஏன் நிலநடுக்கோட்டை ஒட்டி மட்டும்? மற்ற இடங்களிலும் அதே சூரியன்தானே?

இங்கே கணக்கில் வருவது காந்த நிலநடுக்கோடு. புவியியல் நிலநடுக்கோடு அன்று. புவியின் காந்தப் புலக் கோடுகள் அங்கே தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகக் கிடைமட்டமாக ஓடுகின்றன. கிழக்கு நோக்கிய மின்புலம் ஒன்று அதற்குக் குறுக்கே அமைந்தால், பிளாஸ்மா முழுவதும் செங்குத்தாக மேலே தூக்கப்படும். காந்தப் புலம் சாய்ந்திருக்கும் நடு அட்சரேகைகளில் அத்தகைய நேரடித் தூக்கல் கிடைப்பதில்லை. துருவப் பகுதிகளிலும் ஒழுங்கின்மைகள் உண்டு. ஆனால் அவை வேறு காரணங்களால் விளைபவை, இத்தொகுப்பில் அவை வரா.

காந்த நிலநடுக்கோடு தென் அமெரிக்காவில் புவியியல் கோட்டுக்குத் தெற்கே வெகுவாக இறங்கி, இந்தியாவில் வடக்கே ஏறி, தென்முனையை ஒட்டிச் செல்கிறது. லிமாவுக்கு அருகில் ஹிகாமார்கா ராடார் அமைந்ததற்கும், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதற்கும் இந்தக் கோடே காரணம்.

3. பகல் முழுவதும் சூரியன் அடிக்கிறது. குமிழி மட்டும் ஏன் இருட்டிய பிறகு வருகிறது?

எண்ணெயின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த அமைப்பு நிற்காது. தண்ணீர் கீழே இறங்க, எண்ணெய் திரள் திரளாக மேலே வரும். எஃப் அடுக்கின் அடிப்பகுதி இரவில் ஏறத்தாழ அந்நிலையில்தான் இருக்கிறது: அடர்ந்த பிளாஸ்மா மேலே, நீர்த்த பிளாஸ்மா கீழே. இது ராலே–டெய்லர் நிலைகுலைவு எனப்படும். அடிப்பகுதியில் தோன்றும் சிறு அலைவு ஒன்று வளர்ந்து, நீர்த்த பிளாஸ்மா குமிழியாகப் பிய்த்துக்கொண்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில்கூட மேலே ஏறுகிறது.

பகலிலும் மேலே அடர்த்தி, கீழே குறைவு என்ற அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பகலில் ஈ அடுக்கு நன்கு மின் கடத்துகிறது. நிலைகுலைவு வளர்வதற்குத் தேவையான சிறு மின்புலங்கள் எஃப் அடுக்கில் உருவாகும்போதே, காந்தக் கோடுகள் வழியாக ஈ அடுக்குக்கு இறங்கிக் குறுக்குச் சுற்றாகிவிடுகின்றன. சூரியன் மறைந்ததும் ஈ அடுக்கின் மூலக்கூறு அயனிகள் எலக்ட்ரான்களோடு விரைவாக மறுசேர்க்கை அடைந்து, கடத்துதிறன் சரிந்து, அந்தக் குறுக்குச் சுற்று அறுபடுகிறது. அதே வேளையில் எஃப் அடுக்கின் அடிப்பகுதியும் கரைந்து, அடர்த்திச் சரிவு செங்குத்தாகிறது. ஆக, இருட்டு இரண்டு வழிகளில் துணை செய்கிறது.

4. சூரியன் மறைந்த பிறகு அடுக்கு மேலே ஏறுகிறது என்று படித்தேன். வெப்பம் போனால் கீழே இறங்கத்தானே வேண்டும்?

சிறிது நேரத்தில் இறங்கத்தான் செய்யும். அதற்கு முன் ஓர் இடைவேளை உண்டு. இத்தொகுப்பின் பாதி விடைகள் அந்த இடைவேளைக்குள்தான் அடங்கியிருக்கின்றன. பகலில் மின்புலம் கிழக்கு நோக்கி இருப்பதால் பிளாஸ்மா மெல்ல மேலேறுகிறது. இரவில் மின்புலம் மேற்கு நோக்கித் திரும்புவதால் இறங்குகிறது. திரும்புவதற்குச் சற்று முன், சூரியன் மறையும் வேளையில், கிழக்கு நோக்கிய மின்புலம் குறுகிய நேரத்துக்கு ஓங்குகிறது. இதைத் ‘திரும்புமுன் ஓங்கல்’ என்று இங்கே குறிப்பிடுவோம்.

மாலையில் மேல் வளிமண்டலக் காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. அந்தக் காற்று எஃப் அடுக்கின் பிளாஸ்மாவைத் தள்ளி, ஒரு டைனமோவைப் போல மின்புலத்தை உண்டாக்குகிறது. பகல் பக்கத்தில் ஈ அடுக்கு அதைக் குறுக்குச் சுற்றாக்கிவிடும். இரவுப் பக்கத்தில் தடை இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும் அந்திக்கோட்டில் கடத்துதிறன் திடீரென மாறுவதால் மின்னூட்டம் அங்கே தேங்கி, கிழக்கு நோக்கிய மின்புலம் வலுக்கிறது. அடுக்கை உயரத் தூக்குவது அந்த மின்புலமே.

5. ‘சூரியச் செயல்பாடு’ என்பதை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? சூரியப் புள்ளிகளை எண்ணினால் போதாதா?

நீண்டகாலப் போக்கைக் காண அது போதும். அயனிமண்டலத்தை உருவாக்குவது மிகைப் புறஊதாக் கதிர். அது தரையை எட்டுவதில்லை. எனவே அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் 10.7 செ.மீ. வானொலி அலையைத் தரையிலிருந்து அளந்து, ‘எஃப்10.7’ என்ற குறியீடாகப் பயன்படுத்துகிறோம். கனடாவில் 1947 முதல் இது தொடர்ந்து அளக்கப்பட்டு வருகிறது. சூரியன் அடங்கிய ஆண்டுகளில் இதன் மதிப்பு 70ஐ ஒட்டியும், உச்ச ஆண்டுகளில் 150 முதல் 250 வரையும் நிற்கும். கண்ணுக்குப் புலப்படும் சூரிய ஒளியோ 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. தரையில் நாம் உணரும் வெயிலைக் கொண்டு அயனிமண்டலத்தை எடைபோட முடியாததற்கு அதுவே காரணம்.

6. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சூரியச் செயல்பாடு கூடினால் ஒழுங்கின்மை கூடுமா, குறையுமா?

மாலையிலிருந்து நள்ளிரவு வரை எழும் வலுவான ஒழுங்கின்மைகளைக் கேட்கிறீர்கள் என்றால், கூடும். சூரியன் வலுவாக இருக்கும்போது மேல் வளிமண்டலம் வெப்பமடைந்து காற்றுகள் வேகம் பெறுகின்றன. எஃப் அடுக்கின் அடர்த்தியும் உயர்கிறது. அந்திக்கோட்டில் கடத்துதிறன் மாற்றம் கூர்மையாகிறது. இவை யாவும் திரும்புமுன் ஓங்கலை வலுப்படுத்துகின்றன. சூரிய உச்ச ஆண்டுகளின் சமப்பகலிரவு மாதங்களில் பிளாஸ்மா மேலேறும் வேகம் நொடிக்கு 40 முதல் 60 மீட்டர் வரை செல்வது இயல்பு. சூரியன் அடங்கிய ஆண்டுகளில் அது 10, 20 மீட்டரோடு நின்றுவிடும். சில பருவங்களில் ஓங்கலே புலப்படாது.

அடுக்கு உயர்வது ஏன் இத்தனை முக்கியம்? நிலைகுலைவு வளரும் வேகம், அயனிகள் நடுநிலைத் துகள்களோடு எத்தனை முறை மோதுகின்றன என்பதற்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. மோதல் குறைந்தால் வளர்ச்சி வேகம் பெறும். அந்த உயரங்களில் ஏறத்தாழ 60 கி.மீ. ஏறினாலே முதன்மை நடுநிலைத் துகளான ஆக்சிஜன் அணுவின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அடுக்கு 100 கி.மீ. உயர்ந்தால் மோதல் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். முன்பு அரை மணி நேரத்தில் நடந்திருக்கக்கூடிய வளர்ச்சி அப்போது சில நிமிடங்களில் நடந்து முடிகிறது.

ஆகவே சூரியச் செயல்பாடு ஒழுங்கின்மையை நேரடியாகப் படைப்பதில்லை. மாலை நேர மின்புலத்தின் வழியாக அடுக்கை எந்த உயரத்தில் நிறுத்துகிறது என்பதே அதன் செல்வாக்கு. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விடைகளில் முரண்போலத் தோன்றுபவை பலவும் தெளியும்.

7. ஒரே ஒரு மாலையை எடுத்து, என்ன நடக்கிறது என்று காட்ட முடியுமா?

சூரிய உச்ச ஆண்டு ஒன்றின் மார்ச் மாதம், காந்த நிலநடுக்கோட்டின் மேல் ஓர் அயனோசோண்ட் என்று வைத்துக்கொள்வோம். இக்கருவி ஒன்றிலிருந்து இருபது மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணை வரிசையாக மாற்றி மேல்நோக்கி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை உயரமாக வரைகிறது. இதை மாதிரிக் கணக்காகவே கொள்ளவும். மாலை 6.15 மணிக்கு அடுக்கின் அடி 300 கி.மீ.யில், மெல்லிய ஒற்றைக் கோடாகத் தெரிகிறது. நொடிக்கு 40 மீட்டர் என்று ஏறினால் கால் மணி நேரத்துக்கு 36 கி.மீ.; எனவே 6.30க்கு 336, 6.45க்கு 372, 7.00 மணிக்கு 408 கி.மீ. என்று கோடு படிப்படியாக மேலே போகிறது. கோட்டின் அடிப்பகுதிக்கு மேலே, துணைக்கோடு போன்ற ஒரு நிழல் இதற்குள் தலைகாட்டலாம். அடுக்கின் அடிப்பரப்பு அலை அலையாக வளைந்திருப்பதற்கு அது அடையாளம்.

7.15க்கு எடுத்த பதிவில் கோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே அதிர்வெண்ணுக்கு 400 கி.மீ.யிலிருந்து 600 கி.மீ. வரை எல்லா உயரங்களிலும் எதிரொலி அப்பிக்கிடக்கிறது. அதே நேரத்தில் அருகிலுள்ள செயற்கைக்கோள் ரிசீவரில் ஒரு செயற்கைக்கோளின் சமிக்ஞை நொடிகளுக்குள் 20 டெசிபல் சரிந்து, அதாவது வலிமையில் நூறில் ஒரு பங்காகி, மீண்டு, மறுபடி சரிகிறது. குமிழிகள் கிழக்கு நோக்கி நொடிக்கு 100 முதல் 150 மீட்டர் வேகத்தில் நகர்வதால், 100 கி.மீ. அகலமுள்ள ஒன்று கடந்து போக ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு சற்று அமைதி, அடுத்த குமிழி. சூரியன் அடங்கிய ஆண்டில் அதே மார்ச் மாலையில் கோடு 300 கி.மீ.யை ஒட்டியே நின்று, இறங்கத் தொடங்கியிருக்கும்.

8. உச்ச ஆண்டுகளில் மேல் வளிமண்டலமே வீங்கிவிடும் என்கிறார்கள். அப்படியானால் அந்த உயரத்திலும் மோதல் கூடுமே, குமிழியை அது அடக்காதா?

இது மிகச் சரியான எதிர்வாதம். 6ஆம் விடையை மட்டும் படித்தவர்கள் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். அடங்கிய ஆண்டுகளில் 700, 800 கெல்வினாக இருக்கும் மேல் வளிமண்டல வெப்பநிலை, உச்ச ஆண்டுகளில் 1,200 கெல்வினையும் தாண்டுகிறது. வளிமண்டலம் வீங்குவதால் ஒரே உயரத்தில் ஒப்பிட்டால் மோதல் கூடத்தான் செய்கிறது. எனவே சூரியன் வலுவாக இருக்கும்போது குமிழி பிறக்க வேண்டுமானால் அடுக்கு இன்னும் உயரமாக ஏறியாக வேண்டும்.

ஹிகாமார்கா ராடாரின் நீண்டகால அளவீடுகள் இதை உறுதிப்படுத்துகின்றன: தேவைப்படும் குறைந்தபட்ச மேலேறு வேகம், சூரியச் செயல்பாட்டோடு சேர்ந்து உயர்கிறது. உச்ச ஆண்டுகளில் வலுவான குமிழிக்கு நொடிக்கு 40, 50 மீட்டர் தேவைப்படும். அடங்கிய ஆண்டுகளில் அதில் சிறு பங்கு போதும். தடையும் உயர்கிறது, தூக்கலும் உயர்கிறது. சமப்பகலிரவு மாதங்களில் பெரும்பாலும் தூக்கல் வெல்கிறது. தடையைத் தாண்டாத மாலைகளில், எஃப்10.7 எவ்வளவு உயர்ந்திருந்தாலும், வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

9. எங்கள் நிலையம் காந்த நிலநடுக்கோட்டிலிருந்து 15 பாகை தள்ளியிருக்கிறது. கோட்டின் மேல் இருப்பவர்களைவிட எங்களுக்குப் பாதிப்பு அதிகமாக இருப்பது எப்படி?

குமிழி என்பது உண்மையில் ஓர் உருண்டை அன்று. காந்தக் கோடுகளின் நீளம் முழுவதும் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு கிடக்கும் ஓர் ஆப்பு. காந்த நிலநடுக்கோட்டின் மேல் அது எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, அவ்வளவு தொலைவுக்கு இரு பக்கமும் அதன் நுனிகள் இறங்குகின்றன. கோட்டின் மேல் 600 கி.மீ. உயரத்தை எட்டிய குமிழியின் நுனி, எஃப் அடுக்கின் உயரத்தில் ஏறத்தாழ 12 பாகை காந்த அட்சரேகையைத் தொடும், 1,000 கி.மீ. என்றால் 18 பாகை; 1,500 கி.மீ. என்றால் 23 பாகை. உச்ச ஆண்டுகளில் குமிழிகள் உயர ஏறுவதால் நீங்கள் அதன் பாதைக்குள் வந்துவிடுகிறீர்கள். அடங்கிய ஆண்டுகளில் பெரும்பாலானவை உங்களை எட்டுவதற்குமுன் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் பின்னணி அடர்த்தி. கோட்டின் மேல் தூக்கப்பட்ட பிளாஸ்மா, காந்தக் கோடுகள் வழியாக இரு பக்கமும் வழிந்து, 15 பாகையை ஒட்டி இரண்டு மேடுகளாகக் குவிகிறது. சமிக்ஞையைக் குலைப்பது அடர்த்தி வேறுபாட்டின் விகிதம் அன்று, வேறுபாட்டின் முழு அளவு. அடர்ந்த இடத்தில் விழும் ஓட்டை பெரிய வேறுபாட்டைத் தருகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் முதன்மை அலைவரிசையான எல்1இல் மிகக் கடுமையான மினுமினுப்பு (சமிக்ஞை விரைவாக ஏறி இறங்குவது), உச்ச ஆண்டுகளில், இந்த மேடுகளின் கீழ் வசிப்பவர்களுக்கே வாய்க்கிறது.

10. ஜி.பி.எஸ். ரிசீவரில் அயனிமண்டலத் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு என்ன கவலை?

அந்தத் திருத்தம் தாமதத்துக்கானது. உச்ச ஆண்டு ஒன்றின் பிற்பகலில், செங்குத்துப் பாதையில் மொத்த எலக்ட்ரான் அளவு 100 அலகு (ஓர் அலகு என்பது சதுர மீட்டருக்கு 10¹⁶ எலக்ட்ரான்கள்) இருந்தால், எல்1 அலைவரிசையில் 16 மீட்டர் பிழை வரும். இரு அலைவரிசைகளை ஒப்பிட்டு அதை நீக்கிவிடலாம். மினுமினுப்பு என்பது வேறு. சில நூறு மீட்டர் அளவுள்ள ஒழுங்கின்மைகள் அலையை வளைத்து, தரையில் ஒளியும் நிழலுமாக ஒரு கோலத்தை விழச் செய்கின்றன. அக்கோலம் நகரும்போது சமிக்ஞை ஏறி இறங்குகிறது. ரிசீவர் பிடியை இழந்துவிட்டால் திருத்துவதற்கு அளவீடே இருக்காது.

இந்த ஏற்ற இறக்கத்தை எஸ்4 என்ற குறியீட்டால் அளக்கிறார்கள். சமிக்ஞை வலிமையின் திட்ட விலக்கத்தை அதன் சராசரியால் வகுத்த எண் அது. 0.5, 0.6ஐத் தாண்டினால் கடுமை எனலாம். தாழ்ந்த அதிர்வெண்ணில் விளைவு அதிகம்: 250 மெகாஹெர்ட்ஸில் அடங்கிய ஆண்டுகளிலும் மினுமினுப்பு தெரியும், அதே இரவில் எல்1 சலனமின்றி இருக்கும்.

11. ஒரே ஆண்டு, ஒரே சூரியன். எங்களுக்கு மார்ச்சில் மோசம், பிரேசிலில் டிசம்பரில் மோசம். ஏன்?

அந்திக்கோடு காந்தக் கோட்டுக்கு இணையாக விழும் மாலைகளில், அக்கோட்டின் வட முனையிலும் தென் முனையிலும் ஈ அடுக்கு ஒரே நேரத்தில் இருளில் மூழ்குகிறது. அப்போது 4ஆம் விடையில் சொன்ன ஓங்கல் வலுவாக அமையும். இந்திய நெட்டாங்குகளில் (தீர்க்கரேகைகளில்) காந்தக் கோடுகள் ஏறத்தாழப் புவியியல் வடக்கு தெற்காகவே ஓடுவதால், இந்தப் பொருத்தம் சமப்பகலிரவு மாதங்களில் கிடைக்கிறது. பிரேசிலில் காந்த வடக்கு மேற்காக 20 பாகை அளவுக்குச் சாய்ந்திருப்பதால் டிசம்பரை ஒட்டிக் கிடைக்கிறது. சூரியச் செயல்பாடு இந்தப் பருவ அமைப்பை மாற்றுவதில்லை; பருவம் திறந்துவிட்ட மாதங்களில்தான் அதன் வலு தெரிகிறது.

12. இன்று பிற்பகல் பெரிய சூரியச் சுடர் வெடிப்பு என்று செய்தி. இரவு வேலையைத் தள்ளிப்போடலாமா?

அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சுடர் வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் வந்து, பகல் பக்கத்தின் டி அடுக்கைத் தடித்ததாக்கி, சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிலைமை சீராகும். இருட்டிய பின் பிறக்கும் குமிழிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. வெடிப்போடு பெரிய வானொலி வெடிப்பும் சேர்ந்து வந்தால், பகல் பக்கத்து ரிசீவர்கள் இரைச்சலில் மூழ்கலாம். 2006 டிசம்பர் 6 அன்று அப்படி நடந்தது. அது அயனிமண்டலத்தின் பிழை அன்று.

13. அப்படியானால் புவிகாந்தப் புயல்? அது வந்தால் குமிழி நிச்சயம்தானே?

நிச்சயம் இல்லை, சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும். புயல் இரண்டு வகையான மின்புலங்களைக் கொண்டுவருகிறது. முதலாவது, சூரியக் காற்றின் காந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பியதும் உயர் அட்சரேகைகளிலிருந்து நிமிடங்களுக்குள் ஊடுருவும் மின்புலம். பகலிலும் மாலையிலும் அது கிழக்கு நோக்கியது. உங்கள் ஊரில் அப்போது சூரியன் மறையும் வேளை என்றால், இயல்பான ஓங்கலோடு சேர்ந்து அடுக்கை வெகு உயரத்துக்குத் தூக்கும். இரண்டாவது, துருவப் பகுதிகள் சூடாகிக் காற்றோட்டம் மாறுவதால் பல மணி நேரம் கழித்து எழும் டைனமோ மின்புலம். அது மாலையில் மேற்கு நோக்கி அமைந்து ஓங்கலை அமுக்கிவிடும்; நள்ளிரவுக்குப் பின் கிழக்கு நோக்கி அமைந்து, எதிர்பாராத நேரத்தில் அடுக்கைத் தூக்கும்.

2015 மார்ச் 17 புயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்று இந்திய நெட்டாங்குகளில் மாலை வேளையும் புயலின் முதன்மைக் கட்டமும் ஒன்றாக விழுந்ததால் வலுவான ஒழுங்கின்மைகள் எழுந்தன. மறுநாள் மாலை, குமிழிக்கு உகந்த மார்ச் மாதமாக இருந்தும், ஓங்கல் அமுங்கிவிட்டது. புயல் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது முற்றும்போது உங்கள் ஊரில் மணி என்ன என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. புவிகாந்தக் கொந்தளிப்பின் உலகச் சராசரியான கே.பி. குறியீட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதனால்தான் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

14. சூரியன் அடங்கிய ஆண்டுகளில் நிம்மதியாக இருக்கலாம், அல்லவா?

எல்1 பயன்படுத்துவோர் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஒழுங்கின்மைகள் மறைந்துவிடுவதில்லை, நேரம் மாற்றிக்கொள்கின்றன. நிலநடுக்கோட்டு அயனிமண்டலத்தை ஆராய 2008 ஏப்ரலில் ஏவப்பட்ட சி/நோஃப்ஸ் செயற்கைக்கோள், அண்மைக்கால வரலாற்றில் மிக ஆழமான சூரியத் தாழ்நிலை ஒன்றில் போய் இறங்கியது. அயனிமண்டலம் எதிர்பார்த்ததைவிடச் சுருங்கிக் கிடந்தது. ஆக்சிஜன் அயனியிலிருந்து ஹைட்ரஜன் அயனிக்கு மாறும் எல்லை இரவில் 450 கி.மீ. அளவுக்குத் தாழ்ந்திருந்தது. மாலைக் குமிழிகள் குறைந்திருக்க, நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் ஒழுங்கின்மைகள் எழுந்தன.

தாழ்நிலையில் நள்ளிரவுக்குப் பிந்தியவை, ஜூன் கதிர்த்திருப்பத்தை ஒட்டி, பல நெட்டாங்குகளில் அடிக்கடி காணப்படுகின்றன. 8ஆம் விடையில் சொன்னபடி அப்போது தடை தாழ்வாக இருப்பதால், மெல்லிய தூக்கலும் போதுமானதாகிறது. நள்ளிரவில் வளிமண்டல வெப்பநிலை சற்று உயர்வதால் மாறும் காற்றும், கீழிருந்து வரும் அலைகளும் அந்தத் தூக்கலைத் தருவதாகக் கருதப்படுகிறது. பின்னணி அடர்த்தி குறைவு என்பதால் இவற்றின் மினுமினுப்பு வலுவற்றது. பழைய அயனோசோண்ட் புள்ளிவிவரங்களில் மொத்த ஸ்பிரெட் எஃப் எண்ணிக்கை, சூரியச் செயல்பாட்டோடு குழப்பமான உறவைக் காட்டியதற்கு, மாலை வகையையும் பின்னிரவு வகையையும் ஒன்றாகக் கூட்டியது ஒரு முக்கியக் காரணம்.

15. பகலில்கூட ராடாரில் எதிரொலி வருகிறதே? பகலில் குமிழி இல்லை என்றீர்கள்.

அது பெரும்பாலும் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோட்டத்தின் ஒழுங்கின்மை. அதை வளர்ப்பது எலக்ட்ரான்களின் வேகமும் அடர்த்திச் சரிவும். 3ஆம் விடையில் சொன்ன நிலைகுலைவு அன்று. செயற்கைக்கோள் சமிக்ஞையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை.

16. ராடாரில் ஒன்றுமில்லை, என் ரிசீவரில் மினுமினுப்பு. இல்லையென்றால் நேர்மாறு. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பார்க்கின்றன. 50 மெகாஹெர்ட்ஸ் ராடார் தன் அலைநீளத்தில் பாதியான 3 மீட்டர் ஒழுங்கின்மைகளையே பார்க்கும். எல்1 ரிசீவர் 350 மீட்டரை ஒட்டிய அளவுகளுக்கும், 250 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஒரு கி.மீ.யை ஒட்டியவற்றுக்கும் கூருணர்வு உள்ளவை. 630 நானோமீட்டர் வானொளியை (மேல் வளிமண்டலம் இரவில் தானே உமிழும் மங்கலான ஒளியை) படமெடுக்கும் கேமராவோ, பல பத்து கி.மீ. அகலமுள்ள இருண்ட பட்டைகளாகக் குமிழியின் உடலையே காட்டும். சிறியவை முதலில் அழிகின்றன. எனவே நள்ளிரவை ஒட்டி ராடார் வெறுமையானபின்பும் ரிசீவர் மினுங்கும். ரிசீவர் அடங்கியபின்பும் கேமராவில் பட்டைகள் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

17. எஃப்10.7 நேற்றும் இன்றும் ஒன்றே. புயலும் இல்லை. நேற்று குமிழி, இன்று இல்லை. இதற்கு என்ன விளக்கம்?

துறையில் தீர்வு காணப்படாத முதன்மையான கேள்வி இதுவே. எஃப்10.7 நாள்தோறும் சிறிதளவே மாறுகிறது. ஆனால் மாலை மின்புலம் அன்றைய காற்றையும், கீழ் வளிமண்டலத்திலிருந்து ஏறிவரும் ஓதங்களையும் அலைகளையும் பொறுத்தது. அதோடு, நிலைகுலைவு வளர்வதற்கு விதைபோல ஒரு தொடக்க அலைவு வேண்டும். இடிமேகங்கள் எழுப்பும் அலைகள் மேலேறி, அடுக்கின் அடிப்பரப்பை நூற்றுக்கணக்கான கி.மீ. இடைவெளியில் வளைப்பதுண்டு, 7ஆம் விடையில் வந்த துணைக்கோடு அதன் அடையாளமாகக் கருதப்படுகிறது. உச்ச ஆண்டுகளின் உகந்த மாதங்களில் தூக்கல் தடையை நன்கு மிஞ்சுவதால் விதையின் தரம் பெரிதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தூக்கலும் தடையும் நெருங்கி நிற்பதால் விதையே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். மிகக் கடினமான முன்கணிப்பு அந்த ஆண்டுகளுக்குரியது.

18. அப்படியானால் முன்கூட்டியே எதையாவது சொல்ல முடியுமா? வேலையைத் திட்டமிட எனக்கு ஏதாவது வேண்டும்.

மாத அளவில் நன்றாகவே சொல்லலாம். 25ஆம் சூரியச் சுழற்சி 2024இல் உச்சத்தை எட்டியது. உச்சத்துக்குப் பிந்திய இரண்டு, மூன்று ஆண்டுகளிலும் சமப்பகலிரவு மாதங்கள், அல்லது உங்கள் நெட்டாங்குக்குரிய பருவம், இருட்டியது முதல் நள்ளிரவு வரை நம்பத்தக்கவை அல்ல. துல்லிய அளவையைப் பகலிலோ பின்னிரவிலோ வைத்துக்கொள்வது மிக மலிவான தற்காப்பு.

நாள் அளவில் சொல்ல, சூரியன் மறையும் வரை காத்திருக்க வேண்டும். அருகில் அயனோசோண்ட் பதிவு கிடைத்தால், 6.30இலிருந்து 7.15 மணிக்குள் அடுக்கு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அந்த ஒரு எண், அன்றைய எஃப்10.7ஐயும் கே.பி.யையும்விட அதிகம் சொல்லும். அது இல்லாதவர்கள் தங்கள் ரிசீவரிலேயே மேற்கு வானத்துச் செயற்கைக்கோள்களின் எஸ்4ஐக் கவனிக்கலாம். குமிழிகள் மேற்கிலிருந்து கிழக்கே வருவதால், தாழ்ந்த மேற்கில் மினுமினுப்பு தொடங்கினால் உங்கள் தலைக்கு மேலே அது வந்துசேர ஒரு மணி நேரம் அளவுக்கு அவகாசம் இருக்கலாம். ஆனால் குமிழி உங்கள் தலைக்கு மேலேயே பிறந்தால் அந்த அவகாசமும் கிடைக்காது.